ஏழு நாள், ஒரு சராசரி, ஒரு பிரியாணி

போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் வலது கண்ணில் புரை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. கையை விட்டுப் போய்விட்டது.

ஏன்? சர்க்கரை ஏறிவிட்டதா? இல்லை. டாக்டர் லீவா? இல்லை. கடைசி நேரத்தில் நான் பயந்து ஓடிவிட்டேனா? அதுவும் இல்லை... பயந்தேன், ஓடவில்லை.

காரணம் கணக்கு. ஆறாம் வகுப்புக் கணக்கு. சிரிக்காதீர்கள். நடந்தது என்ன என்பதில் எனக்கு இன்னும் பாதி குழப்பம்தான். எழுதினாலாவது தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

முதலில் என் கண்ணின் நிலவரம். வெந்நீரில் குளித்து முடித்ததும் பாத்ரூம் கண்ணாடி இருக்குமே, உலகம் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. 80-ஆம் நம்பர் பஸ் என்று நினைத்துக் கை காட்டினால் 86 வந்து நிற்கிறது. போன மாதம் எங்கள் செங்காங் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், தூணில் சாய்த்து வைத்திருந்த ஒரு கறுப்புக் குடைக்கு "குட் மார்னிங்" சொன்னேன். பதில் வரவில்லை என்று கோபம் வேறு பட்டேன்.

அப்படியானால் இந்தப் பத்தியை வாராவாரம் எப்படி எழுதுகிறேன்? எழுதவில்லை. பேசுகிறேன். சாயங்காலம் சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் பேசிப் பதிவு செய்து வைத்துவிடுவேன். என் மனைவி ஃபிலோமினா அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துவிடுவாள். ஃபிலோவுக்குத் தொழில் கணக்கு டியூஷன். வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வகுப்பு. அதனால் பகலில் நேரம் இருக்காது. விடிவதற்கு முன்பே எழுந்து அடித்து வைத்துவிடுவாள். நான் எழுந்து காப்பி குடிக்கும்போது பத்தி தயாராக இருக்கும். வசதிதான், இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, அதாவது அதற்கு முந்தின திங்கட்கிழமை, கண் மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். ஃபிலோ கூட வருகிறேன் என்றாள். "நான் என்ன குழந்தையா?" என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போனேன். என் முதல் தவறு அது.

அங்கே இருந்த நர்ஸ் நம் தமிழ்ப் பெண்தான். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரை என்று வரிசையாகக் கேட்டாள்.

"தூக்கம் எப்படி அங்கிள்?"

"எங்க வீட்டு ஆவரேஜ் ஆறு மணி நேரம்மா" என்றேன் பெருமையாக. சும்மா சொல்லவில்லை. நானும் ஃபிலோவும் கையில் ஒரே மாதிரிக் கடிகாரம் கட்டியிருக்கிறோம். எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். போனில் அதற்கு ஒரு ஆப். அதில் 'குடும்பம்' என்று எங்கள் இருவரையும் சேர்த்துச் சராசரி காட்டும். தூக்கம்: ஆறு மணி நேரம். இந்த வயதில் மோசமில்லை.

"உங்க தூக்கத்தைக் கேட்டேன் அங்கிள், வீட்டுத் தூக்கத்தை இல்ல."

"எனக்கென்ன, எட்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்."

அவள் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டைக் கொடுத்தாள். "உங்க சுகர் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கு. இன்னிலேருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும், ஏழு நாள், மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பாத்து இதுல எழுதுங்க. ஆவரேஜ் பத்துக்குள்ள இருக்கணும். இல்லன்னா ஆபரேஷன் தள்ளிப் போயிடும்லா."

பத்து என்ற எண்ணைப் பேனாவால் பெரிதாக வட்டம் போட்டுக் காட்டினாள். (இங்கே அளவு அப்படி; ஊர்க் கணக்கில் அது நூற்றெண்பது.) "கீழே சின்னதா போட்டிருக்கு பாருங்க, அதையும் வீட்டுல போய்ப் படிச்சுருங்க அங்கிள்."

"படிச்சுடறேன்" என்றேன். என் இரண்டாவது தவறு. கீழே ஏதோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கண்ணில் புரை என்று வருகிறவனிடம் அந்த அளவு எழுத்தில் அச்சடித்த சீட்டைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? மடித்துப் பர்ஸில் வைப்பான். வைத்தேன்.

அன்று மத்தியானம் பார்த்தேன். பதினொன்று. மறுநாள் செவ்வாய். பத்து.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காதர் போன் செய்தான். காதர் என் நண்பன். செம்பவாங்கில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இப்போது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் மசாலாக் கடை வைத்திருக்கிறான். மனைவியோடு உம்ரா யாத்திரை போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான்.

"டேய் ஜோ, ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்துரு. மாடில விருந்து. வீட்டுக்காரி ஆட்டு பிரியாணி போடுறா. நீ வரலன்னா அவ உன்னோட பேசமாட்டா, நானும் பேசமாட்டேன்."

காதர் வீட்டு பிரியாணியைப் பற்றி இந்தப் பத்தியிலேயே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். கூடவே பாண்டோங் உண்டு. ரோஸ் சிரப்பும் பாலும் கலந்து, ஐஸ் போட்டு, கண்ணாடி ஜாடியில் நிற்கும். அதைப் பார்த்து 'வேண்டாம்' சொல்கிறவர்கள் எப்படிப்பட்ட மனிதர்களோ, எனக்குத் தெரியாது.

ஆனால் போன கிறிஸ்துமஸ் பிரியாணிக்குப் பிறகு என் சர்க்கரை பத்தொன்பது. பாண்டோங்கும் சேர்த்தால் இருபத்திரண்டு வரை போகலாம். பத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு. ஆபரேஷனா, பிரியாணியா? தலையைப் பிய்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சாப்பாட்டு மேசையிலிருந்து அந்தக் கணக்கு காதில் விழுந்தது.

ஃபிலோ ஷாலினி என்ற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கணக்கு இதுதான்: ஐந்து பேர் பரீட்சை எழுதினார்கள். சராசரி 84. பரீட்சை நூறு மார்க்குக்கு. அவர்களில் ஒருவர் வாங்கியிருக்கக்கூடிய மிகக் குறைந்த மார்க் என்ன? கடைசியாக ஒரு வரி: ஐந்து பேருக்கும் வெவ்வேறு மார்க்.

"எண்பது" என்றேன் சோபாவிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க."

"எழுபது?"

"என்னங்க..."

சும்மா இருந்தேன். ஆனால் எனக்குப் புரியவில்லை. சராசரி 84 என்றால் எல்லோரும் 84-ஐச் சுற்றித்தானே இருப்பார்கள்? ஒருவர் கொஞ்சம் கீழே, ஒருவர் கொஞ்சம் மேலே. எழுபதே எனக்கு அதிகப்படியான இறக்கமாகத் தெரிந்தது.

ஷாலினி சொன்னாள்: "இருபது, டீச்சர்."

நான் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டேன். இருபதா!

"எப்படி வந்துச்சு?" என்றாள் ஃபிலோ.

"ஃபைவ் டைம்ஸ் எய்ட்டி ஃபோர், 420. ஒருத்தர் ரொம்பக் கம்மியா வாங்கணும்னா மத்த நாலு பேரும் ரொம்ப நெறைய வாங்கணும். நாலு பேருக்கும் ஹண்ட்ரட். 420 மைனஸ் 400. ட்வென்ட்டி."

"வழி சரி. விடை தப்பு. கடைசி வரியைப் படிச்சியா?"

ஷாலினி குனிந்து படித்தாள். "ஓ... எல்லாருக்கும் வேற வேற மார்க்."

"அப்ப நாலு பேருக்கும் நூறு எப்படி வரும்? நூறு, தொண்ணூத்தி ஒம்பது, தொண்ணூத்தி எட்டு, தொண்ணூத்தி ஏழு. கூட்டு. 394. 420-லேருந்து கழி."

"ட்வென்ட்டி சிக்ஸ்." ஷாலினி பென்சிலைக் கீழே வைத்தாள். "பாவம் டீச்சர் அந்தப் பொண்ணு. கிளாஸ் ஆவரேஜ் எய்ட்டி ஃபோர்னு சொன்னா அவ இருக்கறதே தெரியாது."

"அதெல்லாம் யோசிக்காத. ரூலை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. ஒருத்தர் எவ்வளவு கீழ போக முடியும்னு கேட்டா மத்தவங்களைத் தூக்கு. ஒருத்தர் எவ்வளவு மேல போக முடியும்னு கேட்டா மத்தவங்களை அமுக்கு. ரெண்டுக்கும் முன்னாடி கடைசி வரியைப் படி. கண்டிஷன் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்."

ஷாலினிக்கு அது புரிந்ததோ இல்லையோ, எனக்குத் தலைக்குள் மணி அடித்தது. ஒன்று மேலே போக வேண்டுமானால் மற்றதை அமுக்கு... என் ஏழு நாள்! என் ஞாயிற்றுக்கிழமை!

பேப்பரை எடுத்தேன். பெரிய மார்க்கர் பேனாவை எடுத்தேன். ஏழு நாள், சராசரி பத்து. மொத்தம் எழுபது. பிரியாணி நாளுக்கு எனக்கு இருபத்திரண்டு வேண்டும். எழுபதில் இருபத்திரண்டு போனால்? முதல் தடவை 58 வந்தது. சந்தோஷப்பட்டேன். இரண்டாம் தடவை 38. துக்கப்பட்டேன். மூன்றாம் தடவை 48. அதையே வைத்துக்கொண்டேன். திங்களும் செவ்வாயும் ஏற்கெனவே இருபத்தொன்றைத் தின்றுவிட்டன. மீதி நான்கு நாளையும் சேர்த்து இருபத்தேழுக்குள் அமுக்க வேண்டும்.

அமுக்கினேன்.

புதன்கிழமை எட்டு. வியாழன் ஏழு. வெள்ளி ஆறு. சனி ஆறு. கூட்டிப் பாருங்கள், இருபத்தேழு. அச்சுப் பிசகாமல் வந்தது. எப்படி? அரைச் சப்பாத்தி, ஒரு வெள்ளரிக்காய், நிறையத் தண்ணீர். சர்க்கரை மாத்திரை மட்டும் வழக்கம்போல.

ஃபிலோ எனக்கென்று தனியாகச் சிவப்பரிசிச் சோறும் கீரையும் மீனும் காலையிலேயே சமைத்து வைத்துவிடுவாள். வயிறு சரியில்லை என்று சொல்லி அதைத் திருப்பி ஃபிரிட்ஜில் வைத்தேன். "டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டுங்க" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மூன்றாம் தடவை கேட்க அவளுக்கு நேரமில்லை. ஆபரேஷன் வாரம் முழுவதும் வகுப்பு இருக்காது. கண்ணுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து போட வேண்டும், என்னைக் குனிய விடக் கூடாது, தலையில் தண்ணீர் பட விடக் கூடாது. ஆறாம் வகுப்புப் பரீட்சையோ நெருங்குகிறது. அதனால் அந்த வாரத்துப் பிள்ளைகளையும் முந்தின வாரமே வரச் சொல்லி, தினமும் இரண்டு பேட்ச் எடுத்தாள். வீட்டில் ஒரே சத்தம். எனக்குச் செய்தி கேட்க முடியவில்லை. அதைச் சொல்லிச் சண்டை கூடப் போட்டேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வாரம் நான் எப்படிப்பட்ட மனிதனாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச்சில் காலைப் பூசைக்கு இருவரும் போனோம். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்காதீர்கள், நான் பாண்டோங்கில் இருந்தேன். பூசை முடிந்து ஃபிலோ அடுத்த பேட்சுக்காக வீட்டுக்கு ஓடினாள். நான் ரயில் ஏறினேன். மாத்திரை போட்டிருந்தேன். காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. இருபத்திரண்டுக்குள் நிற்காவிட்டால் என்ன செய்வது? ஒரு முன்ஜாக்கிரதைதான்.

செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில். பாதி வழியில் கை லேசாக ஆடியது. பூன் கெங் ஸ்டேஷன் வரும்போது சட்டை நனைந்திருந்தது. ஏ.சி. இல்லையோ என்று பார்த்தேன். எதிரில் ஒரு பெண் குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள். ஃபேரர் பார்க்கில், நான் எங்கே போகிறேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பூமாலையும் சாம்பிராணியும் பரோட்டாவும் ஒன்றாக மணக்கிற அந்த நடைபாதையில் எத்தனை வருடமாக நடக்கிறேன்! அன்று காதர் கடை இருக்கிற சந்து எது என்று தெரியவில்லை. ஒரே இடத்தை இரண்டு தடவை சுற்றியிருப்பேன். எப்படியோ போய்ச் சேர்ந்தேன்.

"காதர், உன் கடை ஏன்டா சாஞ்சிருக்கு?" என்று கேட்டேனாம். எனக்கு நினைவில்லை. அவன் சொல்லித்தான் தெரியும்.

நினைவிருப்பது அதற்குப் பிறகுதான். மல்லி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன். காதர் என் வாயில் பாண்டோங் டம்ளரை வைத்து அழுத்துகிறான். அவனுக்கும் சர்க்கரை உண்டு, அதனால் பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது. கல்லாவில் வைத்திருக்கும் அவனுடைய மெஷினை எடுத்து என் விரலில் குத்தினான்.

"மூணு. டேய் ஜோ, மூணுடா." அவன் குரலே மாறியிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கணக்குப் போட்டேன். 48-உம் மூன்றும் 51. ஏழால் வகுத்தால் ஏழேகாலுக்குக் கொஞ்சம் மேலே. "காதர், ஆவரேஜ் ஏழேகால்டா" என்றேன் சந்தோஷமாக.

"மண்ணாங்கட்டி ஆவரேஜ். குடி முதல்ல. இன்னும் அரை மணி நேரம் ரயில்ல இருந்திருந்தீன்னா உன் ஆவரேஜை உன் பொண்டாட்டிகிட்டதான் கொடுத்திருப்பாங்க."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நிஜமான பயம்.

அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டேன். காதரின் மனைவி ஒரு சின்னத் தட்டில் நாலு கரண்டி பிரியாணி வைத்தார். நான் ஒரு வாரம் பட்டினி கிடந்து சேர்த்த பிரியாணி அவ்வளவுதான். மேலே கேட்க வாய் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பன்னிரண்டு. இருபத்திரண்டு இல்லை, வெறும் பன்னிரண்டு. அதற்கா இவ்வளவு பாடு?

அதற்குள் ஃபிலோ வந்து நின்றாள். காதர் போன் செய்திருக்கிறான். வகுப்பைப் பாதியில் விட்டு, பிள்ளைகளின் அம்மாக்களைக் கூப்பிட்டு அழைத்துப்போகச் சொல்லிவிட்டு, வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கையை நீட்டினாள்.

"சீட்டு."

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேலே நான் மார்க்கர் பேனாவால் எழுதிய எண்களைப் பார்த்தாள். பிறகு கீழே, எறும்பு ஊர்ந்த இடத்தை, சத்தமாகப் படித்தாள். எந்த ஒரு நாளும் எந்த ஓர் அளவும் நான்குக்குக் கீழே போகக் கூடாது. பதினைந்துக்கு மேலேயும் போகக் கூடாது. போனால் உடனே எங்களைக் கூப்பிடவும்.

அப்படியென்றால் இருபத்திரண்டு என்பதே கணக்கில் கிடையாது. நான் அமுக்கு அமுக்கென்று அமுக்கியதெல்லாம் நடக்கவே முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக.

"கடைசி வரியைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள் ஃபிலோ.

ஷாலினியிடம் கேட்ட அதே கேள்வி, அதே குரல். ஷாலினியை விடச் சின்னப் பிள்ளையாகிப்போன மாதிரி இருந்தது எனக்கு. ஃபிலோ மருத்துவமனைக்குப் போன் போட்டு, மூன்றுக்குப் போனதைச் சொன்னாள். காலையில் சீட்டோடு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள்.

திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தது. உட்கார்ந்த இரண்டாவது ஸ்டேஷனில் ஃபிலோ தூங்கிவிட்டாள். என் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைப்பையை இறுகப் பிடித்தபடி. பட்டப்பகல் நாலு மணிக்கு. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஃபிலோ பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அவள் அசதியாக இருந்ததும் பார்த்ததில்லை. அல்லது... பார்த்ததில்லையா, பார்க்கவில்லையா?

அவள் கையில் இருந்த கடிகாரம் என் முகத்துக்கு நேராக இருந்தது. சும்மா இருக்க முடியாமல் போனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, அந்த ஆப்பைத் திறந்தேன். குடும்பச் சராசரித் தூக்கம்: ஆறு மணி நேரம். நான் நர்ஸிடம் பெருமையடித்த அதே ஆறு.

குடும்பத்தில் எத்தனை பேர்? இரண்டு. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். அதில் ஒருவர் எட்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார். அப்படியானால் மற்றவர்?

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே விடைதான் வந்தது.

நாலு.

விடிவதற்கு முன்பு என் பத்தி. பிறகு என் சிவப்பரிசி, என் கீரை. பிறகு ஒரு பேட்ச், இன்னொரு பேட்ச். அதற்கும் பிறகு மறுநாளுக்கான கணக்குத் தாள்கள். எல்லாம் என் கண் முன்னாலேயேதான் நடந்தது. கண்ணில் புரை என்று தப்பித்துக்கொள்ளலாமா? காதில் என்ன புரை? எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

சராசரி எவ்வளவு நல்ல பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறது பாருங்கள்! எங்கள் கோயில் திருவிழாக் கமிட்டியில் பன்னிரண்டு பேர். மொத்த வேலையைப் பன்னிரண்டால் வகுத்தால் எல்லோரும் நன்றாக உழைத்ததாகத்தான் வரும். நாற்காலி அடுக்கியவர் யார் என்று அந்த வகுத்தல் சொல்லாது. உங்கள் அலுவலகத்திலும் அப்படித்தானே? உங்கள் வீட்டில்? ஷாலினி அன்றைக்கே சொன்னாள், அந்த இருபத்தாறு மார்க் பெண் இருப்பதே தெரியாது என்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உடனே தெரிந்தது. எனக்கு ஒரு மயக்கம் தேவைப்பட்டது.

செங்காங் வந்தும் நான் அவளை எழுப்பவில்லை. ரயில் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது தானாக விழித்து, "எங்க இருக்கோம்?" என்றாள். "பக்கத்துலதான்" என்றேன்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனை. அதே நர்ஸ். எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தாள். "எட்டரை. ஆவரேஜ் சூப்பர் அங்கிள்."

"அப்ப ஆபரேஷன்?"

"இன்னிக்கு முடியாது அங்கிள். நேத்து மூணுக்குப் போயிருக்கு."

என் மூளை இன்னும் திருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். "அந்த மூணையும் சேத்துக்கங்கம்மா. சேத்தா ஆவரேஜ் இன்னும் கம்மியாகும். எட்டுக்கும் கீழ வந்துடும்" என்று வாதாடினேன்.

அவள் ஃபிலோவைப் பார்த்தாள். ஃபிலோ கூரையைப் பார்த்தாள்.

"அங்கிள், உள்ள படுக்க வச்சு கண்ணைத் திறந்து வச்சிருக்கும்போது நீங்க மூணுக்குப் போனா, ஆவரேஜ் வந்து காப்பாத்துமா?"

டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று கால் மணி நேரம் விளக்கினார். இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டேன். புதுத் தேதி ஆறு வாரம் கழித்து. நர்ஸ் தேதியைச் சொன்னதும் ஃபிலோ கைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். அந்த வாரத்தின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்ததால் எனக்கே தெரிந்தது. பரீட்சை வாரம்.

இத்தனை பிள்ளைகளை முன்கூட்டி வரவழைத்து, வகுப்புகளைத் திருப்பிப் போட்டு, அவள் செய்த ஏற்பாடு எல்லாம் வீண். ஆபரேஷன் இப்போது அவளுடைய வருடத்திலேயே மோசமான வாரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"பரவாயில்ல, பாத்துக்கலாம்" என்றாள்.

அந்த 'பாத்துக்கலாம்' எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வார்த்தையில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. அவளுடைய நாலு மணி நேரத் தூக்கம் மூன்றாகும் என்று அதற்கு அர்த்தம்.

"வேண்டாம்" என்றேன். "அந்த வாரம் நான் காதர் வீட்டுல இருக்கேன். சொட்டு மருந்து அவன் போடுவான்."

"காதர் அண்ணனா? அவர்கிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அங்கேயே, நர்ஸ் முன்னாலேயே போன் போட்டேன். காதர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "தாராளமா வாடா. ஆனா இங்க பிரியாணி கிடையாது, கஞ்சிதான். சம்மதமா?" சம்மதம் என்றேன். வேறு வழி?

கிளம்பும்போது நர்ஸ் என் ஃபைலில் எதையோ பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வீட்டு ஆவரேஜ் தூக்கம் இன்னும் ஆறு மணி நேரம்தானா அங்கிள்?"

"எனக்கு எட்டு" என்றேன். "இவளுக்கு நாலு."

ஃபிலோ சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கண்ணுக்கு அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. கோபமா, சிரிப்பா, வேறு ஏதாவதா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

இப்போது புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. சிவப்பரிசிச் சோறு, கீரை, மீன், முழுத்தட்டும் சாப்பிட்டாயிற்று. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன், ஒன்பது. சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன், கடைசி வரி மேலே வருகிற மாதிரி, தலைகீழாக.

வழக்கமாக இந்தப் பத்தியை நாளை விடிவதற்கு முன் ஃபிலோ அடித்திருப்பாள். இந்த வாரம் நானே அடித்தேன், எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி, ஒற்றை விரலால், இரண்டு நாளாக. பிழைகள் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், சத்தம் போட்டுச் சிரிக்கவும் வேண்டாம்.

உள்ளே ஃபிலோ தூங்குகிறாள்.